மூன்றாம் பாட்டுக்கு முன்னால் வரும் மூச்சு

எழுத்து எனக்குச் சரியாக வராது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டுதான். ஞாபகமும் முன்போல இல்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில இடத்தில் மாறிப்போகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எழுபது வயது, என் வீட்டுக்காரருக்கு எழுபத்து நாலு. இந்த வயதில் நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். அவர் நூல் நூற்கும் ஸ்பின்னிங் பகுதியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். நான் நூலைக் கோனில் சுற்றும் பகுதியில் ஆறு வருடம் இருந்தேன், மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். அவர் மில் மூடும்வரை முப்பது வருடம் இருந்தார். ஸ்பின்னிங்கில் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோருக்கும் கைப்பேச்சு உண்டு. இரண்டு விரலைக் கத்தரி போல வெட்டிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். கழுத்தில் டையை இறுக்குவது போல இழுத்தால் மேலதிகாரி, அதாவது மாஸ்டர், வருகிறார். வாய் அசைவதைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவர் கேட்டதுகூடக் கையால்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கள் பக்கம் பழையவர்கள் யாரும் சொல்வதில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் நேராக முன்னால் போய் நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். சொல்வேன். ஐம்பது வருடமாக இப்படியே போயிற்று.

மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவருக்கு ரேஸ் கோர்ஸ் பக்கம் வீடு. தெலுங்கு பேசுகிற குடும்பம். அந்தக் காலத்தில் மெஷின் பார்த்து வாங்குவதற்காகச் சீமைக்குப் போனபோதெல்லாம் பெட்டி நிறைய ரிக்கார்டு வாங்கி வந்திருக்கிறார். சினிமாப் பாட்டு இல்லை. வெள்ளைக்காரர்கள் மூன்று பேர், நான்கு பேர் உட்கார்ந்து வயலின் வாசிப்பது. யாரும் வாயைத் திறந்து பாடுவது கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய பிளேயர் சரியாகச் சுற்றவில்லை என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். இவர் போய் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெல்ட்டை மாற்றி ஓட விட்டார். மாஸ்டர் இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரிக்கார்டு முழுக்கக் கேட்க வைத்திருக்கிறார். அதிலிருந்து வியாழக்கிழமை தோறும் இவர் அங்கே போக ஆரம்பித்தார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. பழைய ஆபீசர், பழைய பிட்டர், பேசிக்கொள்ள எவ்வளவோ இருக்கும்.

போன வருடம் மாஸ்டர் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் இவர் வியாழக்கிழமை போவது நிற்கவில்லை. அந்த வீட்டில் இப்போது இருப்பது மாஸ்டருடைய சம்சாரம் மட்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவர். நன்றாக உடுத்துவார். நான் அவரை ஒரே ஒரு தடவை, துக்கத்துக்குப் போனபோது, தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அதோடு இவருடைய நடப்பும் மாறிற்று. டீக்கடைப் பக்கம் போவதை விட்டார். டிவியில் ஒன்றும் நன்றாக இல்லை என்று அதையும் விட்டார். மகள் பொள்ளாச்சியிலிருந்து போன் செய்தால் என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனார். எதிலும் மனம் இல்லாதவர் வியாழக்கிழமை மட்டும் காலையிலேயே சவரம் செய்துகொண்டார்.

என் நாத்தனார் அடுத்த தெருவில் இருக்கிறாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். அவள் வாய்க்கு எதுவும் தப்பாது.

“ஏனுங்க நங்கையா, அண்ணன் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டுப் போறாரு. உங்களைப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட கசங்கின சட்டையிலதான் வந்தாரு.”

“மாஸ்டர் ஊட்டுக்குப் போறாரு, கசங்கினதைப் போட்டுட்டுப் போக முடியுங்களா?”

“மாஸ்டர்தான் போய்ச் சேந்துட்டாருங்களே. இன்னும் எந்த மாஸ்டரைப் பாக்கறாரு?”

அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு நாள் ஆட்டோவில் அந்தப் பிளேயரே வந்து இறங்கியது. கூடவே இரண்டு மரப் பெட்டி, சத்தம் வருவதற்கு. ஒரு துணிப்பை நிறைய ரிக்கார்டு. “மாஸ்டரம்மா வெச்சுக்கச் சொல்லிட்டாங்க” என்றார். முன் அறையில் அதை வைத்தார். தெருச் சத்தம் வருகிறது என்று மதியம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு மணி நேரம் திறக்க மாட்டார்.

முதல் நாள் நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வயலின் வந்தது, நின்றது. மறுபடி வந்தது, நின்றது. மூன்றாவது தொடங்குவதற்கு முன்னால் அந்த அறையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். என் வீட்டுக்காரர் மூச்சு எனக்குத் தெரியும், அது அவருடையது இல்லை. மெல்லிசான, சுருக்கென்ற மூச்சு. குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ளும்போது இழுப்போமே, அதுபோல. அதற்கு முன்னால் மர நாற்காலி ஒன்று கிரீச் என்றது. எங்கள் வீட்டில் இருப்பது எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. அது கிரீச் என்னாது.

கையில் புளியோடு கதவோரம் போய் நின்றேன். யாரோ தாளைப் புரட்டினார்கள். ரிக்கார்டில் வருகிற சத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரேடியோவில், கல்யாண மைக்கில் பாட்டுக் கேட்டவள் நான். அதிலெல்லாம் பாட்டு வரும், கரகரப்பு வரும். பாடுகிறவர் மூச்சு விடுவது வந்ததில்லை. இங்கே கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. இடது கைப் பக்கம் ஒருவர், வலது கைப் பக்கம் கனமான ஒருவர், நடுவில் இரண்டு பேர் என்று கையை நீட்டிக் காட்டிவிடலாம். கதவு திறந்தபோது அவர் மட்டும்தான் வெளியே வந்தார். நான் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது எழுத.

அன்று சாப்பிடும்போது அவர் கேட்டார். “அம்மணி, மத்தியானம் உள்ள பாட்டு ஓடுச்சே, நடுவால ஏதாச்சும் சத்தம் கேட்டுதா? யாரோ மூச்சு வாங்கறாப்பல?”

நான் கதவோரம் நின்றதைக் கண்டுகொண்டார், ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“இல்லீங்க. ஒண்ணும் கேக்கல.”

“நல்லா நெனச்சுப் பாரு. மூணாவது பாட்டுக்கு முன்னால.”

“ஒண்ணுமே கேக்கலீங்க.”

அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எதையோ நான் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிந்ததும் வருகிற நிம்மதி அது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

மறு வியாழக்கிழமை அந்த அம்மாவிடம் போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். பிளேயருக்குப் புது ஊசி என்றார். ஊசியை மாற்றி மறுபடி கதவைச் சாத்தினார். அன்று நான் வெளியே சுற்றிப்போய் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ரிக்கார்டில் பெரிய வயலின்காரர் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். இவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, முழ நீள ஸ்குரூ டிரைவரின் முனையை மரப் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார்.

பிட்டர்கள் மில்லில் அப்படித்தான் செய்வார்கள். மெஷினுக்குள் பேரிங் கெட்டிருக்கிறதா என்று அப்படி வைத்துத்தான் கேட்பார்கள். எனக்கு அது புதிது இல்லை. ஆனால் பாட்டுக் கேட்கிறவர் யாராவது இப்படிக் கேட்பார்களா? அந்தப் பெட்டிக்குள் ஏதோ இருக்கிறது, அதைத்தான் தேடுகிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த நாள் அவர் ரேஷன் கடைக்குப் போனதும் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். தூசிதான் இருந்தது. பிறகு ரிக்கார்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இவர் எப்போதும் மேலே வைத்திருக்கும் அட்டையில் நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம். ஒருவர் பெண்பிள்ளை. அதற்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. நீல மையில், இங்கிலீஷில், கையால் எழுதியது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கடிதம் என்றால் என்ன என்று தெரியும். யார் வீட்டிலிருந்து வந்த அட்டை என்றும் தெரியும்.

அன்று பொழுது சாயும்போது அவர் தானாகவே சொன்னார். “வர்ற வியாழக்கிழமை இதையெல்லாம் திருப்பிக் குடுத்துப்போடறேன். இனி அவத்த, மாஸ்டர் ஊட்டுக்குப் போறதும் இல்ல.”

“ஏனுங்க?”

“ரிக்கார்டு போச்சு. நாந்தான் கெடுத்துப்போட்டேன். புது ஊசி போட்டும் வரல.”

கண் கலங்கியிருந்தது. இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று நினைத்தேன். சொல்லக்கூடாது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் அந்தத் தாள் என் முந்தானையில் இருந்தது. யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது? நாத்தனாரிடம் கொடுத்தால் ஊரே படித்துவிடும். புதன்கிழமை, கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நாலு பேர் படம் போட்ட அட்டையையும் தாளையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எழுதியவரையே கேட்டுவிடலாம் என்று. வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக நான் எதுவும் செய்ததில்லை. மாஸ்டர் வீட்டு வாசல் கேட் முன்னால் வந்ததும் அந்தத் தைரியமும் போய்விட்டது. திரும்பிவிடலாம் என்று நிற்கும்போது அந்த அம்மாவே பார்த்துவிட்டார். மஞ்சப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அட்டையை வைத்து அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

“யாருங்க அது? அடடே, பிட்டரூட்டு அம்மணிங்களா? வெயில்ல ஏனுங்க நிக்கறீங்க? உள்ள வாங்க.”

நான் தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“இது எங்க ஊட்டுக்காரர் எழுத்துங்க. எங்கிருந்துங்க கெடச்சுது?”

மாஸ்டருக்கு அது ஒரு பழக்கமாம். ஒவ்வொரு ரிக்கார்டிலும் எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதி உள்ளே வைத்துவிடுவாராம். அந்த அம்மா எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். இங்கே நாற்காலி கிரீச்சிடுகிறது. இங்கே தாள் புரட்டுகிறார்கள். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் முதல் வயலின்காரர் மூச்சு இழுக்கிறார், ஒன்றல்ல, இரண்டு. இவ்வளவு சுத்தமாகப் பதிந்த ரிக்கார்டு தன்னிடம் வேறு இல்லை.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“அந்த மூச்சுதாங்க உங்க ஊட்டுக்காரருக்குக் கேக்கலீன்றாரு” என்றார் அந்த அம்மா. “போன வருசம் வரைக்கும் கேட்டுட்டுதான் இருந்தாரு. அப்புறம் ஒவ்வொரு வாரமும் ‘இப்ப வந்துதுங்களா, இப்ப வந்துதுங்களா’ன்னு என்னையக் கேப்பாரு. எனக்கு நல்லாவே கேட்டுதுங்க. ஆனா மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? ஊசி தேஞ்சிருக்கும், எனக்கும் கேக்கலீங்கன்னு சொல்லிப்போட்டேன். ஊட்ல வெச்சு நிம்மதியாக் கேக்கட்டும்னுதான் குடுத்து உட்டேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “உங்களுக்குக் கேட்டுதுங்களா?”

“கேட்டுதுங்க. மொத நாளே கேட்டுது.”

“அவருகிட்டச் சொன்னீங்களா?”

தாளை அவரிடமே விட்டுவிட்டு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும்போது எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தது. டீக்கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், வாய் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. போனில் வாயே தெரியாது. என்னோடு மட்டும் ஒரு குறையும் இல்லை, நான்தான் மில்லில் நிற்பதுபோல எப்போதும் எதிரில் வந்து நிற்கிறேனே. ஊசிதான் கெட்டது, காது இல்லை என்று அவர் நம்புவதற்கு இரண்டு பேர் உதவி செய்திருக்கிறோம். அந்த அம்மா மரியாதைக்காகப் பொய் சொன்னார். நான் சந்தேகத்தில் சொன்னேன். இப்போது அவர் தன் கையாலேயே மாஸ்டர் பொருளைக் கெடுத்துவிட்டதாக நினைத்து, இருக்கிற ஒரே சந்தோஷத்தையும் நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்.

வீட்டுக்கு வந்தேன். அவர் முன் அறையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரிக்கார்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்று அவர் பெயரைச் சொன்னேன். ஐம்பது வருடத்தில் முதல் தடவை. முதலில் மெதுவாக. பிறகு தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அவர் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

முன்னால் போய் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

“கோயில்ல கூட்டமா?”

“நான் கோயிலுக்குப் போகலீங்க. ரிக்கார்டு நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கு எனக்கு மூச்சுச் சத்தம் கேட்டுது. பொய் சொல்லிப்போட்டேன்.”

அவர் ரொம்ப நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று பார்ப்பதுபோல.

“எதுக்குப் பொய் சொன்னே?”

“உள்ள ஆரோ இருக்கறாங்கன்னு நெனச்சேன்.”

“ஆரு?”

சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப எனக்குத்தான் கேக்கல” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

“என்ற கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அவியகிட்ட எதுக்கு வாரா வாரம் கேட்டீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல” என்று நானே மறுபடி கேட்டேன். அது என்னை இன்றுவரை அறுக்கிறது.

“அவியகிட்ட செவுடன்னு பேரெடுத்தாப் பரவால்ல. நாளைக்கு அவத்தப் போகாம இருந்துக்கலாம். உன்ற கிட்டப் பேரெடுத்தா எங்க போறது?”

இந்தப் பதிலை நான் பாதிதான் நம்புகிறேன்.

அன்றைக்கு அந்த ரிக்கார்டைப் போடச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் மூச்சு வந்ததும், எனக்கு வேறு எதுவும் தோன்றாமல், கழுத்தில் டையை இறுக்குவதுபோல இழுத்தேன். மாஸ்டர் வருகிறார். அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார், வேலை செய்கிற இடத்தில் உட்காருவதுபோலவே.

இப்போது தினமும் மூன்று மணிக்கு இப்படித்தான். கனமான பெரிய வயலின் அவருக்கே கேட்கிறது. மீதியை ஸ்குரூ டிரைவரில் கொஞ்சம், என் கையில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார். டாக்டரிடம் போய்க் காதுக்கு மெஷினும் மாட்டியிருக்கிறது. டீக்கடைக்கு அதுதான் தோது. ரிக்கார்டுக்கு மட்டும் தகரத்தில் தட்டுவதுபோல இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார்.

அவருக்காகக் கேட்க ஆரம்பித்து எனக்கே ருசி பிடித்துவிட்டது. கோனில் நூல் சுற்றும்போது அறுந்தால், முடிச்சு தெரியாமல் போட்டுச் சேர்க்க வேண்டும். இவர்கள் நாலு பேரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒருவர் விடுகிற இடத்தில் இன்னொருவர் எடுப்பார், எங்கே சேர்ந்தது என்று தெரியாது. எனக்குப் பிடித்தது நடுவில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர். வயலினைவிடக் கொஞ்சம் தடித்த குரல், அதிகம் முன்னால் வருவதில்லை. அவர் வாசிக்காமல் நின்றால்தான் இவ்வளவு நேரம் வாசித்தார் என்பதே தெரியும். வில் கம்பியில் உட்காரும்போது மரத்தில் தட்டுகிற சின்னச் சத்தம்கூட எனக்கு இப்போது தெரியும். அதையும் காட்டுகிறேன்.

ஆனால் சந்தேகம் வீட்டை விட்டுப் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. மாஸ்டர் தாளில் இரண்டு மூச்சு என்று எழுதியிருக்கிறது, நீ ஒன்றுதான் காட்டுகிறாய், இன்னொன்றை விழுங்கிவிடுகிறாய் என்கிறார். தனக்குக் கேட்ட காலத்தில் எத்தனை என்று அவர் எண்ணியதில்லையாம்.

“ஒண்ணுதாங்க வருது.”

“ஒரு தடவ பொய் சொன்னவ நீ.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த அம்மா படித்ததிலேயே சந்தேகம். மரியாதைக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்லியிருப்பாரோ என்று. தாளைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம், கேட்க வெட்கமாக இருக்கிறது. என் வீட்டுக்காரரோ எனக்கும் ஒரு காது போய்விட்டதோ என்று பார்க்கிறார்.

அதனால் இதை வாசிக்கிறவர்கள் யாரிடமாவது அப்படி ஒரு ரிக்கார்டு இருந்தால், அட்டையில் நாலு பேர், இடமிருந்து இரண்டாவது பெண்பிள்ளை, மூன்றாவது பாட்டுக்கு முன்னால் ஊசியை வைத்துக் கவனமாகக் கேளுங்கள். நாற்காலி முதலிலா மூச்சு முதலிலா, மூச்சு ஒன்றா இரண்டா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.